தம்பியோட ரெண்டு சாயங்காலம்: தனி கிளப்பா, கலப்பு டீமா, எல்லாரும் வர்ற பொது குழுவா?

என் தம்பிக்கு இப்போ 27 வயசு. அறிவுசார் குறைபாடு இருக்கு, ரிப்போர்ட்ல மிதமான அளவுன்னு போட்டிருக்கும். பகல்ல டே சென்டர் போயிட்டு வந்துடுவான், சாயங்காலம் ஆச்சுன்னா வீடு, டிவி, போன், அம்மா அப்பா நான், அவ்ளோதான். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். இந்த ஒரு வாரத்துல அவனுக்குச் சொந்தமும் இல்லாம, அவனைப் பாத்துக்கறதுக்கு சம்பளமும் வாங்காம, சும்மா அவன்கூட நின்னு பேசினவங்க எத்தனை பேருன்னு. ஒருத்தர்கூட இல்ல. அதுக்கு முந்தின வாரமும் அதே கதைதான்.

அதனால வாரத்துக்கு ரெண்டு சாயங்காலமாவது அவனை வெளிய அனுப்பணும்னு முடிவு பண்ணோம். எங்க அனுப்பறதுங்கறதுலதான் வீட்ல ஒரே சண்டை. இவங்களுக்குன்னே இருக்கற தனி கிளப் ஒண்ணு, பாதிக்குப் பாதி கலந்து விளையாடற டீம் ஒண்ணு, ஊர்ல எல்லாரும் போற சாதாரண குழு ஒண்ணு, இந்த மூணுல எது? அம்மாவுக்கு முதல்ல சொன்னது, எனக்கு மூணாவது, அப்பா வழக்கம்போல "உங்களுக்கு எது தோணுதோ செய்யுங்க". கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூணையும் மாத்தி மாத்தி ட்ரை பண்ணதுல எனக்குப் புரிஞ்சதை எழுதறேன், குறிப்பா என்னை மாதிரி அக்கா அண்ணனா இருக்கறவங்களுக்கு, ஏன்னா கடைசியில இந்த முடிவெல்லாம் நம்ம கைக்குத்தான் வரும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அறிவுசார் குறைபாடுன்னா மனநோய் இல்ல, இன்னும் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. கத்துக்கறது, யோசிச்சு முடிவெடுக்கறது, காசு நேரம் பயணம் மாதிரி தினசரி வேலைங்களைச் சமாளிக்கறது, இதெல்லாம் கஷ்டமா இருக்கும், அது வளர்ற வயசுலயே ஆரம்பிச்சிருக்கும். உலக அளவுல நூத்துல ஒருத்தர்கிட்ட இருக்கும்னு சொல்றாங்க. இன்னொண்ணு, அவனை "ஸ்பெஷல் சைல்ட்"னு சொல்றது. தாடி வெச்ச 27 வயசு ஆளுங்க அவன். நான் இந்த வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறதுக்குக் காரணம் இருக்கு, குழந்தைன்னு நினைச்சா குழந்தைக்குக் குடுக்கறதைத்தான் குடுப்பாங்க. ஒரு இடத்துல அவன் கையில யானை படம் போட்ட கலரிங் புக்கைக் குடுத்து உக்கார வெச்சாங்க, அவனும் பாவம் மரியாதைக்கு ரெண்டு பக்கம் அடிச்சான்.

தனி கிளப்ல இருந்து ஆரம்பிக்கறேன். இதைப் பத்தி இப்போ நெட்ல எழுதற பாதிப் பேர் "தனியா வெச்சாலே தப்பு"ங்கற மாதிரி பேசறாங்க, எனக்கு அது ஒத்துக்க முடியல. தம்பி வாழ்க்கையில முதல் ஃப்ரெண்ட் அங்கதான் கிடைச்சான். யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, மெதுவா பேசினா யாரும் வாட்ச்சைப் பாக்க மாட்டாங்க, அவன் ஒரே ஜோக்கை நாலு தடவை சொன்னா அந்த ஃப்ரெண்ட் நாலு தடவையும் சிரிப்பான். அம்மாவுக்கு ரெண்டு மணி நேரம் ரெஸ்ட். இதெல்லாம் சின்ன விஷயம் கிடையாது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968 ஜூலையில சிகாகோவுல ஆரம்பிச்சப்போ அதுவும் இப்படித்தான், இவங்களுக்குன்னே தனியா, ஆயிரம் பேர் கிட்ட வந்தாங்க. அது வரைக்கும் இவங்களால விளையாட்டெல்லாம் முடியாதுன்னு நினைச்சிட்டிருந்த உலகத்துக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. 1974ல அமெரிக்காவுல ஓரிகன்ல ஆரம்பிச்ச பீப்பிள் ஃபர்ஸ்ட் இயக்கமும் இவங்களே கூடிப் பேசின கூட்டம்தான், எங்களை முதல்ல மனுஷங்களா பாருங்கன்னு அவங்க வாயாலயே கேட்டாங்க.

ஆனா அங்க ஒரு வித்தியாசம் இருக்கு பாருங்க, பீப்பிள் ஃபர்ஸ்ட்ல என்ன பண்ணணும்னு முடிவு பண்றது அவங்களே. நாங்க போன கிளப்ல எல்லாத்தையும் ஸ்டாஃப் முடிவு பண்ணுவாங்க, என்ன பாட்டு போடணும்னுகூட. அப்புறம் அந்த "அவுட்டிங்". பத்து பேரை ஒரே கலர் டிஷர்ட் போட்டு வேன்ல ஏத்தி ஒரு மாலுக்குக் கூட்டிட்டுப் போய் வரிசையா நடக்க வெச்சு திரும்பக் கூட்டிட்டு வருவாங்க, ரிப்போர்ட்ல சமூகத்துல கலந்துக்கிட்டாங்கன்னு எழுதுவாங்க. அந்த மால்ல ஒருத்தருக்காவது தம்பி பேர் தெரியுமா? ஜான் ஓ'பிரையன்னு ஒருத்தர், இந்தத் துறையில ரொம்ப காலம் வேலை பண்ணவர், ஒரு இடத்துல இருக்கறது வேற, அங்க பங்கெடுக்கறது வேறன்னு ரெண்டாப் பிரிச்சு வெச்சிருப்பார். மாலுக்குப் போறது முதல் வகை. நானே ரொம்ப நாள் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்திருக்கேன்.

பழைய கதை ஒண்ணு இங்க சொல்லணும். நியூயார்க்ல வில்லோபுரூக்னு அறிவுசார் குறைபாடு இருக்கறவங்களை வெச்சிருந்த ஒரு பெரிய விடுதி, நாலாயிரம் பேருக்காகக் கட்டினது, 1965 வாக்குல ஆறாயிரம் பேரை அடைச்சு வெச்சிருந்தாங்க, 1972ல டிவில அந்த நிலைமையைக் காட்டினதும் நாடே அதிர்ந்துடுச்சு, 1987ல மூடிட்டாங்க. ஸ்வீடன், நார்வே எல்லாம் 90கள்ல பெரிய விடுதிங்களையே இழுத்து மூடினாங்க. 2006ல வந்த ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்துல 19வது பிரிவு முழுக்க இதைப் பத்தித்தான், எங்க யாரோட வாழறதுங்கறதை அவங்களே தேர்ந்தெடுக்கணும், சமூகத்துல ஒருத்தரா வாழணும்னு இருக்கும். சரி, என் தம்பி எந்த விடுதியிலயும் இல்ல, சொந்த வீட்ல சொந்த ரூம்ல இருக்கான். ஆனா நான் போட்ட அந்த ராத்திரிக் கணக்கைத் திரும்பப் பாருங்க. விடுதி மூடினதும் முடிஞ்சு போற வேலை இல்ல இது.

அடுத்தது கலப்பு டீம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்லயே பின்னாடி யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்னு கொண்டு வந்தாங்க, ஒரே டீம்ல குறைபாடு இருக்கறவங்களும் இல்லாதவங்களும் கிட்டத்தட்ட சரிபாதி, வயசும் ஆட்டத் திறமையும் முடிஞ்ச அளவு பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னு சொல்வாங்க. அந்த ஐடியாவை வெச்சு நடத்தற ஒரு ஃபுட்பால் டீம்ல சேத்தோம். கேக்க சூப்பரா இருந்துச்சு, நானும் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன்.

முதல் ஆட்டத்துல தம்பி கால்ல பந்து வந்ததும் எதிர் டீம் ஆளுங்க அப்படியே நின்னுட்டாங்க. இவன் தட்டித் தட்டிப் போய் கோல் போட்டான், ஒரே கைதட்டல், விசில், எனக்குக் கண்ணுல தண்ணி. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவை இவன் பந்தை விட்டுட்டுத் திரும்பி, கோலுக்கு முன்னாடி சிலை மாதிரி நின்ன பையனைப் பாத்து "ஏன் நிக்கறே? ஓடி வா"ன்னான். அந்தப் பையனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கும்தான். நாங்க அத்தனை பேரும் சேந்து அவனை ஏமாத்திட்டிருந்தோம், அவனுக்கு மட்டும் அது விளங்கிடுச்சு.

கோச் நல்ல மனுஷன், அன்னைக்கே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வாரத்துல இருந்து தம்பியை டிஃபென்ஸுக்கு மாத்தினார், ஒரே ஒரு ஆளை விடாம ஒட்டிக்கறது மட்டும்தான் அவன் வேலை. அதை அவன் வெறித்தனமா பண்றான், பாத்ரூம் போனாகூட பின்னாடியே போயிடுவான் போல. இப்போ எதிர் டீம் ஆளுங்க நிஜமாவே கடுப்பாகறாங்க. ஒருத்தர் போன மாசம் அவனைத் தள்ளி விட்டு ஃபவுல் வாங்கினார், சத்தியமா சொல்றேன், அந்தக் கோலுக்கு அழுததைவிட இதுக்குத்தான் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

கலப்பு டீமோட பெரிய பிரச்சனை ஆட்டத்துல இல்ல, ஆள் நிக்கறதுல. கூட விளையாட வர்றவங்கள்ல முக்கால்வாசி காலேஜ் பசங்க, சர்டிஃபிகேட்டுக்கு வர்றாங்களா மனசார வர்றாங்களாங்கறது எனக்குப் பிரச்சனை இல்ல, செமஸ்டர் முடிஞ்சா போயிடுவாங்க. தம்பிக்கு ஆள் பழகவே மூணு மாசம் ஆகும், பழகி முடிக்கும்போது அந்த ஆள் காணாமப் போயிருப்பான். "அந்த அண்ணா எங்க"ன்னு எத்தனை வாரம் கேட்டான் தெரியுமா. நீங்க ஒரு கலப்பு டீமைப் பாக்கப் போனா முதல்ல இதைக் கேளுங்க, போன வருஷம் இருந்தவங்கள்ல இந்த வருஷமும் இருக்கறது எத்தனை பேருன்னு. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா புரிஞ்சுக்கோங்க.

இப்போ மூணாவது, நான் பிடிவாதமா நின்னது. சாதாரண குழு. இவங்களுக்காக ஆரம்பிச்சதே இல்ல, வேற எதுக்கோ ஆரம்பிச்ச இடம், அதுல இவனும் ஒருத்தனா போறது. முதல்ல ஒரு உடற்பயிற்சி கிளாஸ்ல கேட்டோம். ரெண்டு நாள் விட்டாங்க, மூணாவது நாள் என்னைத் தனியா கூப்பிட்டு "அவரோட நல்லதுக்குத்தான் சொல்றோம்"னு ஆரம்பிச்சாங்க. அந்த வாக்கியம் எங்க போய் முடியும்னு நமக்குத் தெரியாதா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் பொரிஞ்சு தள்ளிட்டு வந்தேன், அவன் "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்"னு கேட்டுட்டு வந்தான்.

அதுக்கப்புறம் கிடைச்சதுதான் அந்தப் பாட்டுக் குழு. இருபது இருபத்தஞ்சு பேர், எல்லா வயசுலயும், வாரத்துல ஒரு நாள் கூடி சேந்து பாடறவங்க, யாரும் பெரிய பாடகர் கிடையாது. தம்பிக்குப் பாட்டுன்னா உயிர், சுருதி மட்டும் அவன் பக்கமே வராது. முதல் மூணு வாரம் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. எல்லாரும் அவனைத் தாண்டி என்கிட்டயே பேசினாங்க. "அவருக்குத் தண்ணி வேணுமா?" "அவருக்கு இந்தப் பாட்டு பிடிக்குமா?" அவன் என் தோளுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான், காது நல்லாவே கேக்கும். கூடப் போற ஆள், அக்காவோ அம்மாவோ சம்பளத்துக்கு வர்ற உதவியாளரோ, உதவின்னு போய் நடுவுல சுவர் மாதிரி நின்னுடறோம். நாலாவது வாரம் நான் கடைசி வரிசைக்குப் போனேன், ஆறாவது வாரம் வாசலுக்கு வெளிய.

நகர்ந்தா மட்டும் போதாது, அவனுக்கு அங்க ஒரு வேலை வேணும். இதை நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல, வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர்னு ஒருத்தர் 1983லயே இதுக்கு ஒரு கோட்பாடே எழுதிட்டார், ஒருத்தரை ஊர் எப்படி நடத்தும்ங்கறது அவருக்கு ஊர்ல என்ன பங்கு இருக்குங்கறதைப் பொறுத்துன்னு. சும்மா வந்து உக்காந்துட்டுப் போறவனுக்கு நோயாளி, குழந்தை, பாவம், இந்த மாதிரி பட்டம்தான் கிடைக்கும். நடத்தற அம்மாகிட்ட கேட்டேன், உங்களுக்கு இங்க எரிச்சலான வேலை எதுன்னு. "நாற்காலி"ன்னாங்க யோசிக்காம. ஒவ்வொரு வாரமும் நாற்காலியை எடுத்து அரைவட்டமா போடணும், முடிஞ்சதும் அடுக்கணும், ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்களாம்.

கத்துக் குடுக்க ரெண்டு வாரம் ஆச்சு. மார்க் கோல்டுன்னு ஒரு அமெரிக்கக்காரர் 1970கள்ல, ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு ஒதுக்கி வெச்சவங்களுக்கு 15 பார்ட் உள்ள சைக்கிள் பிரேக்கை மாட்டக் கத்துக் குடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சிம்பிள், கத்துக்கலைன்னா கத்துக் குடுக்கற விதத்தை மாத்து, வேலையை இன்னும் சின்னச் சின்னதா உடை. நாங்களும் அப்படித்தான், தரையில அரைவட்டத்துக்கு டேப் ஒட்டி, நாற்காலியோட முன்னங்கால் டேப் மேல வரணும், முதல் நாற்காலி கதவு பக்கத்துல, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அவன் கை முட்டி அளவு இடைவெளி. ஆறு போட்டோ எடுத்து போன்ல வெச்சோம். மூணாவது வாரம் டேப்பை எடுத்துட்டோம். இப்போ யாராவது வந்து நாற்காலியை நகர்த்தினா முறைக்கறான், கொஞ்சம் ஓவர்தான், ஆனா அது அவன் ஏரியா.

நாலு மாசம் கழிச்சு அவனுக்குக் காய்ச்சல், போகல. ஏழு மணிக்கு அவன் போன் அடிச்சுது. குழுவுல இருந்து ஒருத்தர், "என்னப்பா ஆளைக் காணோம், நாற்காலியெல்லாம் கோணல் மாணலா கிடக்கு." என் நம்பர் அவங்ககிட்ட இருக்கு, ஆனா அடிச்சது அவனுக்கு. அன்னைல இருந்து மூணு இடத்தையும் நான் இந்த ஒரே கேள்வியை வெச்சுத்தான் எடை போடறேன், ஒரு வாரம் இவன் போகலைன்னா அங்க யாராவது கவனிப்பாங்களா? தனி கிளப்ல ஸ்டாஃப் ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட் போடுவாங்க, அந்த ஃப்ரெண்ட் மட்டும் தேடுவான். டீம்ல கோச் தேடுவார். பாட்டுக் குழுவுல நாற்காலியே தேடுது.

அப்போ எல்லாரும் மூணாவதுக்கே போங்கன்னு சொல்றேனான்னா, இல்ல. அந்த நாலு மாசம் எனக்கு எவ்ளோ வேலைன்னு சொல்லல பாருங்க. வாரா வாரம் லீவ் போட்டு, போட்டோ எடுத்து, நடத்தறவங்ககிட்ட தனியா பேசி, வர்ற வழியில அவனுக்கு பஸ் பழக்கி. தனி கிளப்னா பணம் கட்டிட்டு விட்டுட்டு வந்துடலாம். அறுபது வயசு தாண்டின அம்மா தனியா பாத்துக்கற வீட்டுல போய் நீங்க பொது குழுவுக்குத்தான் அனுப்பணும்னு லெக்சர் குடுக்கறது அநியாயம். அந்த மாதிரி வீட்டுக்கு சர்க்கிள் ஆஃப் சப்போர்ட்னு ஒண்ணு சொல்வாங்க, கனடாவுல ஜூடித் ஸ்னோங்கறவங்களைச் சுத்தி 1980 வாக்குல ஃப்ரெண்ட்ஸ் சேந்து ஆரம்பிச்சது. அவங்களுக்கு இருந்தது உடல் குறைபாடு, ஆனா முறை எல்லாருக்கும் ஒண்ணுதான். அஞ்சாறு பேர் மாசம் ஒரு தடவை அந்த ஆளோட உக்காந்து உனக்கு என்ன வேணும், நாங்க யார் என்ன பண்ணலாம்னு பேசறது. நாங்களும் ஆரம்பிச்சோம், ரெண்டு மீட்டிங் ஜோரா நடந்துச்சு, இப்போ அது குட்மார்னிங் மெசேஜ் வர்ற வாட்ஸ்அப் குரூப். ஆனா அந்த ரெண்டு மீட்டிங்ல வந்த ஒருத்தர்தான் பாட்டுக் குழுவைப் பத்திச் சொன்னது, அதனால வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். சத்தம் தாங்காதவங்க, பேச்சே வராதவங்க, உடம்புக்கும் நிறைய உதவி தேவைப்படறவங்களுக்கு இருபத்தஞ்சு பேர் இருக்கற ஹால் நரகமா இருக்கலாம், அவங்களுக்கு ரெண்டு மூணு பேர் இருக்கற இடமே போதும், எண்ணிக்கையைப் பாக்காதீங்க.

பயம் பத்தி. வெளிய போனா ஏமாத்துவாங்கன்னு அம்மா சொன்னது நடக்கவும் செஞ்சுது. பஸ் ஸ்டாப்ல பழகின ஒரு ஆள் மூணு தடவை தம்பிகிட்ட கடன் வாங்கிட்டார், திரும்பி வரவே இல்ல, தம்பி கணக்குல அவர் "ஃப்ரெண்ட்". வீட்ல பெரிய ரகளை, இனிமே எங்கயும் போக வேணாம்னு. ராபர்ட் பெர்ஸ்கேன்னு ஒருத்தர் 1972ல எழுதினது எனக்கு அப்போ கை குடுத்துச்சு, ஒருத்தரை எல்லா ஆபத்துலயும் இருந்து காப்பாத்தறேன்னு அடைச்சு வெச்சா அவரோட மனுஷ மரியாதையையே எடுத்துடறோம்னு அவர் வாதம். எனக்கும் காசை யாரோ ஏமாத்தியிருக்காங்க, என்னை யாரும் வீட்ல பூட்டி வைக்கல. இப்போ பர்ஸ்ல பஸ்ஸுக்கும் அவசரத்துக்கும் மட்டும் காசு, "காசு கேட்டா அக்காகிட்ட கேட்டு சொல்றேன்"ங்கற ஒரு வரியை நூறு தடவை நடிச்சுப் பழகினோம். அந்த ஆள் அடுத்த தடவை கேட்டப்போ இவன் அதைச் சொன்னான், ஆள் அப்புறம் அந்த ஸ்டாப் பக்கமே வரல.

கடைசியா, இத்தனையும் நான் முடிவு பண்ணதாவே எழுதிட்டிருக்கேன், அவனுக்கு என்ன வேணும்? "பாட்டுக்குப் போலாமா?"ன்னா "ம்". "ஃபுட்பால் போலாமா?" "ம்". "ரெண்டுமே வேணாமா?" அதுக்கும் "ம்". ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேட்டா இவங்கள்ல நிறைய பேர் ஆமான்னுதான் சொல்வாங்கன்னு 1981லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, கேக்கறவங்களை சந்தோஷப்படுத்தணும்னு ஒரு பழக்கம், வாழ்க்கை பூரா அப்படியே வளந்தவங்க. அதனால அவன் "ம்"மை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. போட்டோவா வெச்சு எது எதுன்னு கேளுங்க, கேட்டுட்டு வாயை மூடிட்டு பத்து எண்ணுங்க, அப்புறம் போட்டோவை இடம் மாத்தி வெச்சு வேற ஒரு நாள் திரும்பக் கேளுங்க.

போன மாசம் பாட்டும் ஃபுட்பாலும் ஒரே நாளுக்கு மாறிடுச்சு, ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். எனக்கு சந்தேகமே இல்ல, பாட்டுதான்னு. டேபிள் மேல மூணு போட்டோ வெச்சேன், நாற்காலி, பந்து, பேருக்கு தனி கிளப் வாசலையும். அவன் ரொம்ப நேரம் பாத்துட்டு பந்தை எடுத்தான். ரெண்டு நாள் கழிச்சு வரிசையை மாத்தி வெச்சேன், கொஞ்சம் கள்ளத்தனமா நாற்காலியை அவன் கைக்குப் பக்கத்துல வெச்சேன்னும் ஒத்துக்கறேன். அவன் கையை நீட்டி அதைத் தாண்டி பந்தைத்தான் எடுத்தான். "நாற்காலி யாரு போடுவா?"ன்னு கேட்டேன். "அவங்களே போட்டுக்குவாங்க, நான் சொல்லித் தந்துட்டு வரேன்"னான். இந்த வாரம் அதுக்குத்தான் போறான், அந்த ஆறு போட்டோவோட.